ஆண்டி செல்வாவும் அடியேனும்

எனக்குக் கால்பந்து தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இருபது வருஷமாக இதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஆஃப்சைடு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் டீ கிளாஸை இங்கே, பிஸ்கட்டை அங்கே என்று நகர்த்தி விளக்குவேன். விளக்கம் சிக்கலாகும்போது பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிடுவேன்.

விளையாடியது ஒரே ஒரு தடவை. எங்கள் தெருக்கோடி மைதானத்தில் பையன்கள் செவன்ஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள், ஒரு டீமுக்கு கோலி வரவில்லை. நான் கத்தரிக்காய்ப் பையோடு அந்தப் பக்கமாகப் போனேன். “அண்ணே, சும்மா நடுவுல நில்லுங்க, அது போதும்” என்றார்கள். நின்றேன். ஒன்பது கோல் போனது. அதில் ஒன்று, நான் பிடித்த பந்து. பிடித்துவிட்ட சந்தோஷத்தில் அதைக் கட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்து கோட்டைத் தாண்டிவிட்டேன். ஒரு பக்கத்துப் போஸ்ட்டுக்குச் செங்கல் கிடைக்காமல் என் பையைத்தான் வைத்திருந்தார்கள். அன்றைக்கு எங்கள் டீமில் இரண்டு பந்தைத் தடுத்தது அந்தக் கத்தரிக்காய்தான்.

அப்பேர்ப்பட்டவன், 2006 செப்டம்பரில் ஒரு காலை, பேப்பரின் விளையாட்டுப் பக்க மூலையில் ‘ஜெர்மனி 13 - சான் மரீனோ 0’ என்று படித்தால் என்ன ஆவான்? நெஞ்சில் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. நமக்கும் கீழே ஒரு ஆள். ஆள்கூட இல்லை, ஒரு நாடு. “நானாவது ஒன்பதோட நிறுத்தினேன்” என்று அன்று மட்டும் நாலு பேரிடம் சொன்னேன். எனக்கு எதிரே ஆடியது ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் என்பதை நாலு பேரிடமும் சொல்லவில்லை.

அந்த நாட்டைப் பற்றி எனக்கு ஏற்கனவே எல்லாம் தெரியும் என்றும் ஒரு நினைப்பு. “சான் மரீனோவா? கார் ரேஸ் நடக்கிற ஊராச்சே! அயர்ட்டன் சென்னா செத்துப்போனது அங்கதான்” என்று ஆபீஸில் எடுத்துவிட்டேன். அக்கவுன்ட்ஸில் இருந்த ஒரு பையன் மெதுவாகச் சொன்னான்: சார், பெயர்தான் சான் மரீனோ கிராண்ட் பிரீ, டிராக் இருப்பது இமோலாவில், இமோலா இருப்பது இத்தாலியில். இத்தாலிக்கு மோன்ஸாவில் ஏற்கனவே ஒரு ரேஸ் இருந்ததால், இன்னொன்றை நடத்த 1981-லிருந்து 2006 வரை பக்கத்து வீட்டுப் பெயரைக் கடன் வாங்கி ஓட்டியிருக்கிறார்கள். இரண்டாவது கேஸ் சிலிண்டரை மச்சான் பெயரில் வாங்குகிற டெக்னிக். எனக்கே தெரிந்த டெக்னிக் என்பதால் மேற்கொண்டு வாதாடவில்லை.

அவமானம் தாங்காமல் அன்று இரவே உட்கார்ந்து படித்தேன். நாலா பக்கமும் இத்தாலி, நடுவில் 61 சதுர கிலோமீட்டர். அதில் தித்தானோ என்று ஒரு மலை, மலைமேல் மூன்று கோபுரம். கி.பி. 301-ல் மரீனுஸ் என்ற கல்தச்சர் மலையேறி வந்து ஊரைத் தொடங்கினார் என்பது அவர்களுடைய தலபுராணம். நாட்டுக்குத் தலைவர்கள் இரண்டு பேர், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் மாற்றிவிடுவார்கள். ஜனத்தொகை சுமார் 34 ஆயிரம். பெயர் மெரினா மாதிரி இருக்கிறதே தவிர, காணும் பொங்கலன்று நம் மெரினாவில் சுண்டல் விற்பவர் அதைவிட அதிகம் பேரைப் பார்த்துவிடுவார். இதில் பதினொரு பேரைப் பொறுக்கி, ஜெர்மனிக்கு எதிரே நிறுத்த வேண்டும். எங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷனுக்கு ஒரு செக்ரட்டரி பொறுக்கவே மூன்று மீட்டிங் ஆனது.

சான் மரீனோவின் கால்பந்துச் சங்கம் ஆரம்பித்தது 1931-ல். ஆனால் ஃபிஃபாவிலும் யூஃபாவிலும் சேர்ந்தது 1988-ல்தான். இந்த இடைவெளியில் பாவம், மாஸ்ஸிமோ போனினி என்று ஒருத்தர் மாட்டிக்கொண்டார். சான் மரீனோக்காரர், யுவென்டஸ் கிளப்பில் பிளாட்டினியோடு ஆடி 1985-ல் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையே ஜெயித்தவர். சொந்த நாட்டுக்கு டீமே இல்லாததால் இத்தாலியின் 21 வயதுக்கு உட்பட்டோர் அணியில் ஆடினார். குடியுரிமையை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்றதால் இத்தாலியின் பெரிய டீமில் இடமில்லாமல் போனது. பிறகு ஊருக்கு ஒரு டீம் வந்ததும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தோற்கப் போனார். பெரிய மனசு. நான் அவருடைய இடத்தில் இருந்திருந்தால் மறுநாளே இத்தாலிக்கு ஆதார் கார்டு அப்ளை பண்ணியிருப்பேன்.

முதல் அதிகாரபூர்வ மேட்ச் 1990 நவம்பர் 14, செர்ரவாலே மைதானத்தில் ஸ்விட்சர்லாந்தோடு. 0-4. நல்ல ஆரம்பம் என்றுதான் நான் சொல்வேன், பின்னால் வந்ததெல்லாம் தெரிந்த பிறகு.

இனி இங்கிலாந்துக் கதை. இதை நான் எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. கோயம்புத்தூரில் படிக்கிற அக்கா பையனிடம் சொன்னபோது சான் மரீனோ இங்கிலாந்தை ஜெயித்துவிட்டது என்றே முடித்தேன். “அப்படியா மாமா?” என்று கேட்டுக்கொண்டே போனில் தேடிவிட்டான். இந்தத் தலைமுறையிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான்.

நடந்தது இது. 1993 நவம்பர் 17, இத்தாலியின் போலோனியாவில். உலகக் கோப்பைக்குத் தகுதி பெற இங்கிலாந்து ஏழு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும், கூடவே போலந்தில் நெதர்லாந்து தோற்க வேண்டும். ஆட்டம் தொடங்கியது. இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் பியர்ஸ் தன் கோலிக்கே பந்தைத் தள்ளிவிட்டார். அது பாதி வழியில் சோர்ந்துபோக, இடையில் புகுந்து தட்டிவிட்டார் டாவிதே குவால்தியேரி. கம்ப்யூட்டர் விற்கிற வேலையில் இருந்தவர். 8.3 நொடி. அவிழ்ந்த லுங்கியை மடித்துக் கட்டவே எனக்கு அதைவிட நேரம் ஆகும். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் வேகமான கோல் என்று அது 2016 வரைக்கும் நின்றது. பெல்ஜியத்தின் பென்டெகே ஜிப்ரால்டருக்கு எதிராக 8.1 நொடியில் அடித்த பிறகுதான் இறங்கியது.

சுமார் இருபது நிமிஷம் சான் மரீனோ 1, இங்கிலாந்து 0. அந்த இருபது நிமிஷத்தோடு கதையை நிறுத்திக்கொள்வது என் வழக்கம். இறுதி ஸ்கோர் 1-7. இயன் ரைட் மட்டும் நாலு. அன்று நெதர்லாந்தும் ஜெயித்துவிட்டதால் இங்கிலாந்து அடித்த ஏழும் வீண். அதனால் தார்மீக வெற்றி நமக்குத்தான் என்று அக்கா பையனிடம் சொன்னேன். “எது மாமா ‘நமக்கு’?” என்றான்.

‘நமக்கு’ என்று எப்போது சொல்ல ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. சிரிக்கத்தான் போனேன், சத்தியமாக. ஆனால் ஒரு டீமைப் பார்த்து எத்தனை நாள்தான் சிரிக்க முடியும்? அதுவும் அந்த டீமில் பேங்கில் வேலை பார்க்கிறவரும் கடை வைத்திருப்பவரும் காலேஜ் பையனும் இருக்கும்போது. ராத்திரி ஜெர்மனியின் பொடோல்ஸ்கியிடம் நாலு வாங்கிவிட்டு, காலையில் கவுன்டரில் உட்கார்ந்து “அடுத்து யார்?” என்று கேட்க வேண்டும். அந்தப் பதின்மூன்று கோல் மேட்ச்சில், பன்னிரண்டு அடித்த பிறகு ஒரு பெனால்டி கிடைக்க, ஜெர்மனியின் கோலி லேமன் அதை நான் அடிக்கிறேன் என்று மைதானத்தின் மறுமுனையிலிருந்து ஓடி வந்தாராம். சான் மரீனோக்காரர்களுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. கடைசியில் ஷ்னைடர் அடித்தார். அதைப் படித்துவிட்டு எனக்கு வந்த கோபத்தை வீட்டில் யாரும் மதிக்கவில்லை. “யாருங்க லேமன்? உங்க ஆபீஸா?” என்றாள் மனைவி.

கோச் ஒருத்தர் இருந்தார், ஜாம்பாவ்லோ மாஸ்ஸா. பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர். 1998 முதல் 2013 வரை பதினைந்து வருஷம் கோச்சாக இருந்து, மொத்தம் ஒரே ஒரு வெற்றி. எங்கள் ஆபீஸில் இரண்டு குவார்ட்டர் டார்கெட் விட்டால் கூப்பிட்டு, ‘உங்கள் எதிர்காலத் திட்டம் என்ன’ என்று கேட்பார்கள். மாஸ்ஸாவின் கதையை ஒரு வருஷம் என் அப்ரைசலில் உதாரணமாகச் சொன்னேன். அந்த வருஷ இன்க்ரிமென்ட் பற்றி இங்கே வேண்டாம்.

ஆனால் அந்த டீமை லேசாக எடைபோட வேண்டாம். 2001 ஏப்ரலில் லாட்வியாவின் ரீகாவுக்குப் போய் 1-1 என்று டிரா செய்தார்கள். அந்த அவமானத்தில் லாட்வியாவின் கோச் கேரி ஜான்சன் வேலையையே விட்டுவிட்டார். ஜெயிக்காமலேயே எதிர் டீம் கோச்சை வீட்டுக்கு அனுப்பிய டீம்.

அந்த ஒரே ஒரு வெற்றிக்கு வருவோம். 2004 ஏப்ரல் 28, நட்புமுறை ஆட்டம், லீக்டன்ஸ்டைனுக்கு எதிராக 1-0. ஐந்தாவது நிமிஷத்தில் ஃப்ரீ கிக்கில் கோல் அடித்தவர் பெயரைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். ஆண்டி செல்வா!

நீங்களே சொல்லுங்கள், என்ன தோன்றும்? இத்தாலியில் நம் ஈழத்து ஜனங்கள் இருக்கிறார்கள் என்பது தெரிந்த விஷயம். செல்வரத்தினமோ செல்வநாயகமோ சுருங்கி செல்வா ஆகியிருக்க வேண்டும். ஆண்டி என்பது பழனியாண்டி. ‘சான் மரீனோவின் ஒரே வெற்றிக்கு வித்திட்ட தமிழன்’ என்று தலைப்புப் போட்டுக் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் முந்நூறு வார்த்தையில் எழுதினேன். பெரியப்பா கைகூப்பும் படம் மூன்று போட்டார். ஒரு சித்தப்பா அவருக்குப் பெண் பார்த்தாகிவிட்டதா என்று விசாரித்தார்.

பிறகு படத்தைத் தேடிப் பார்த்தேன். ரோமில் பிறந்த வெள்ளைக்காரர். செல்வா என்றால் இத்தாலியனில் காடு. 1998 முதல் 2016 வரை ஆடி 8 கோல் அடித்தவர், அவர்கள் கணக்கில் அதுவே சாதனை. திருத்தம் போடலாம் என்று குரூப்பைத் திறந்தேன். அதற்குள் என் கட்டுரை மூன்று குரூப் சுற்றி, ‘ஒவ்வொரு தமிழனும் பகிரவும்’ என்று எனக்கே திரும்ப வந்திருந்தது. பகிர்ந்துவிட்டேன்.

லீக்டன்ஸ்டைனை ஜெயித்தது பெரிய விஷயமா என்று நானே ஒரு காலத்தில் அலட்சியமாகக் கேட்டதுண்டு. அதே 2004 அக்டோபரில் அந்த லீக்டன்ஸ்டைன் போர்ச்சுகலோடு 2-2 என்று டிரா செய்தது. ஐரோப்பியக் கோப்பை ஃபைனல் ஆடி மூன்று மாதம்தான் ஆகியிருந்த போர்ச்சுகல். அதை வைத்து, சான் மரீனோ லீக்டன்ஸ்டைனை ஜெயித்தது, லீக்டன்ஸ்டைன் போர்ச்சுகலுக்குச் சமம், ஆகவே சான் மரீனோ போர்ச்சுகலை ஜெயித்ததற்குச் சமம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் நான் வாங்கிய மார்க் அக்கா பையனுக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும்.

2016-ல் ஜெர்மனி மறுபடி வந்து எட்டுப் போட்டது. இந்த மாதிரி மேட்ச்சுக்கும் நிஜக் கால்பந்துக்கும் சம்பந்தமே இல்லை என்று தாமஸ் முல்லர் சலித்துக்கொண்டார். அதற்கு சான் மரீனோ பக்கத்து ஆலன் காஸ்பெரோனி பத்துக் காரணம் அடுக்கிப் பகிரங்கமாகப் பதில் எழுதினார். என்ன ஒரு பதில்! அந்த எட்டில் ஒன்றுகூட முல்லர் அடித்ததல்ல என்பது வேறு விஷயம். நான் பொங்கிப்போய், பத்தையும் தமிழ்ப்படுத்தி, தப்பான குரூப்பில் போட்டுவிட்டேன். அபார்ட்மென்ட் குரூப். ஐந்து நிமிஷ அமைதிக்குப் பிறகு மூன்றாவது மாடியிலிருந்து ஒரே ஒரு பதில் வந்தது: “தண்ணி லாரி எப்ப வரும்?”

இப்போது முக்கியமான விஷயம். இத்தனை வருஷமாகப் பின்தொடர்கிறேனே, நல்லது நடந்த எதையும் நான் பார்த்ததில்லை.

பார்ப்பது என்றால் பந்தைக்கூட இல்லை. போனில் ஸ்கோர் மாறுகிறதா என்று பார்ப்பதுதான். 2014 நவம்பர் 15, எஸ்டோனியாவோடு மேட்ச். அதற்கு முன் தொடர்ந்து 61 தோல்வி. எண்பதாவது நிமிஷம் வரை 0-0. எனக்குத் தெரியாதா, கடைசிப் பத்து நிமிஷத்தில் விழும். அந்த வலியை ஏன் பார்க்க வேண்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். விழவில்லை. ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அவர்களுக்கு முதல் பாயிண்ட். நாடே கொண்டாடியபோது நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன் என்பதற்கு வீட்டில் சாட்சி இருக்கிறது.

2024 செப்டம்பர் 5, நேஷன்ஸ் லீகில் அதே லீக்டன்ஸ்டைன். இங்கே நள்ளிரவு தாண்டித்தான் மேட்ச். அந்த வார சனிக்கிழமை விநாயகர் சதுர்த்தி. விடிகாலையில் மார்க்கெட் போகாவிட்டால் எருக்கம்பூ மாலை யானை விலை, குதிரை விலை என்று ஒன்பது மணிக்கே என்னைப் படுக்க வைத்துவிட்டார்கள். நான் அருகம்புல்லுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா பையன் கூப்பிட்டான். “மாமா, ஜெயிச்சிட்டாங்க.” 1-0. கோல் அடித்தவர் நிக்கோ சென்ஸோலி, வயது 19. ஆண்டி செல்வா அந்தக் கோலைப் போட்டபோது இவர் பிறக்கவே இல்லை. நடுவில் 140 ஆட்டம், ஒரு வெற்றி கிடையாது. மார்க்கெட்டிலேயே கத்திவிட்டேன். பூக்காரம்மா பயந்துபோய்ப் பத்து ரூபாய் குறைத்தார். இருபது வருஷ விசுவாசத்தில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

நவம்பரில் கடைசி மேட்ச், லீக்டன்ஸ்டைனின் ஊரான வாடூஸில். ஜெயித்தால் பிரிவில் முதலிடம், சி லீகுக்குப் பிரமோஷன். இந்தத் தடவை விடுவதில்லை. தேதி 18 என்று போட்டிருந்தது, நம் நேரத்துக்கு ராத்திரி ஒரு மணி வாக்கில். 18-ம் தேதி ஒரு மணிக்கு அலாரம் வைத்து, எழுந்து, முகம் கழுவி, ஃபிளாஸ்க்கில் காபியோடு உட்கார்ந்தேன். மேட்ச் தொடங்கவில்லை. இரண்டு மணி, மூன்று மணி. ஐரோப்பாவில் பனி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். விடியும்போதுதான் உறைத்தது. அங்கே 18-ம் தேதி ராத்திரி என்றால் இங்கே 19 பிறந்துவிடும். நான் ஒரு நாள் முன்னாடியே எழுந்து, இல்லாத மேட்ச்சுக்குக் காபி குடித்திருக்கிறேன்.

மறுநாள் ராத்திரி, முந்தைய நாள் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினேன். அலாரம் அடித்ததாம், மனைவிதான் எழுந்து நிறுத்தினாள். சான் மரீனோ முதலில் ஒரு கோல் வாங்கி, பிறகு லாஸ்ஸாரி, நான்னி, கோலினுச்சி என்று மூன்று பேர் வரிசையாகத் திருப்பிப் போட்டு 3-1 என்று ஜெயித்தார்கள். வெளியூரில் அவர்கள் ஜெயித்த முதல் மேட்ச். பிரமோஷனும் ஆயிற்று.

2025-ல் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று வந்தது. இந்த முறை காலண்டரில் வட்டம் போட்டு, இரண்டு போனில் அலாரம் வைத்து, எட்டு மேட்ச்சையும் கண் கொட்டாமல் பார்த்தேன். எட்டிலும் தோல்வி. வியன்னாவில் ஆஸ்திரியா பத்துப் போட்டது. மொத்தம் வாங்கியது 39, அடித்தது 2.

அக்கா பையன் ஒரு லிஸ்ட் போட்டு அனுப்பினான். நான் விழித்திருந்த மேட்ச் ஒரு பக்கம், தூங்கிய மேட்ச் இன்னொரு பக்கம். கீழே ஒரு கும்பிடு மட்டும், வேறு எதுவும் எழுதவில்லை. எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் சச்சின் ஆடும்போது யாரும் இடம் மாறி உட்காரக் கூடாது. பெரியப்பா பாத்ரூம் போன நேரத்தில் அவுட் ஆகி, அந்த மாசம் முழுக்க அவரைக் கொலைக் குற்றவாளி மாதிரி நடத்தினோம். அதில் முன்னால் நின்று கத்தியவன் நான்தான்.

அடுத்து நேஷன்ஸ் லீகின் சி லீக். அங்கே எதிர் டீம்கள் இன்னும் பெரிய டீம்கள். நான் முடிவு பண்ணிவிட்டேன், மேட்ச் இருக்கிற ராத்திரிகளில் ஒன்பது மணிக்கே படுத்துவிடுவேன். இவ்வளவு தூரம் படித்த உங்களுக்கும் இப்போது அந்த டீம் மேல் லேசாக ஒரு பாசம் வந்திருக்கலாம். வந்திருந்தால் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து நீங்களும் பார்க்காதீர்கள்.